கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கட்டும்: ஐம்பதுக்கு மேல் கதையும் பாட்காஸ்ட்டும் தொடங்கும் வக்கீலுக்கு ஒரு முழு வழிகாட்டி

தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ ஒரு சேம்பர், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வீடு, இருபது முப்பது வருஷ பிராக்டிஸ். "நாம பார்த்ததை எல்லாம் எழுதினா எவ்வளவு வரும் தெரியுமா" என்று கேன்டீனில் சொல்லாத வக்கீல் இல்லை. எழுதியவர்கள்தான் குறைவு. நேரமில்லை என்பது சும்மா சாக்கு. நிஜமான தடைகள் இரண்டு. பார் கவுன்சில் என்ன சொல்லும், கட்சிக்காரர் என்ன நினைப்பார் என்ற பயம் ஒன்று. மனு எழுதியே பழகிப்போன கை இன்னொன்று. முதலாவதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் உழைக்க வேண்டும்.

வயதாகிவிட்டதே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவதை எழுதியவர் மாயவரத்தில் மாவட்ட முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தவரும் அவரே. 1826இல் பிறந்தவர், நாவல் அச்சில் வந்தது 1879இல். ஆக, தமிழ் நாவல் அச்சேறியதே ஐம்பதைக் கடந்த ஒரு சட்டக்காரரின் பெயரில்தான்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே யோசனையைச் சுற்றித்தான் நகரும். கோர்ட் எதைச் "சம்பந்தமில்லை" என்று ஒதுக்கியதோ, அதுதான் கதைக்காரரின் சரக்கு. சம்பந்தமுள்ளது எல்லாம் கேஸ் கட்டுக்குள் ஏற்கெனவே போய்விட்டது.

படி 1: விதியை முழுசாகப் படியுங்கள்

பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயம். வக்கீல் தானே முன்நின்று வியாபாரம் நடத்தக் கூடாது என்கிறது விதி 47. தொழிலில் இருக்கும் வரை முழுநேரச் சம்பள வேலை கூடாது என்கிறது 49. பலர் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் கீழே 51 இருக்கிறது. விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு ஒலிபரப்பு, இதழியல், சொற்பொழிவு, கற்பித்தல் ஆகியவற்றில் வக்கீல் ஈடுபடலாம் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. பாட்காஸ்ட் என்ற சொல்லே இல்லாத காலத்து விதி. ஆனாலும் ஒலிபரப்பு ஒலிபரப்புதான்.

ஆபத்து இருப்பது விதி 36இல். நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்கு பிடிக்கக் கூடாது, தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைச் செய்திக்குத் தூண்டக் கூடாது. இணையத்தின் வழியாக வழக்கு பிடிப்பவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே கண்டிப்பாகச் சொன்னது நினைவிருக்கும். ஆகவே பாட்காஸ்ட்டின் பெயரில் "அட்வகேட்" வேண்டாம். முகப்புப் படத்தில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் போட்ட போட்டோ வேண்டாம். நிகழ்ச்சி முடிவில் சேம்பர் முகவரியும் போன் நம்பரும் வேண்டவே வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் உங்கள் வழக்கைப் பற்றி ஜாடையாகக்கூட ஒரு வரி கூடாது.

புத்தக ராயல்டி வாங்குவதை யாரும் வியாபாரம் என்று சொல்வதில்லை. அதே சமயம் நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டூடியோ கம்பெனி தொடங்கி நீங்களே நடத்தினால் 47 வந்து கதவைத் தட்டும். அந்த அளவுக்குப் போகும்போது, தொழிலை நிறுத்தி வைப்பதாகத் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் சுத்தம்.

படி 2: கட்சிக்காரர் சொன்னது கட்சிக்காரருடையது

பழைய சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132. எண்தான் மாறியது, கடமை மாறவில்லை. வக்காலத்து முடிந்த பிறகும், கட்சிக்காரர் உங்களை மாற்றி வேறொருவரை வைத்துக்கொண்ட பிறகும் அந்த ரகசியம் உங்களைக் கட்டும். "கேஸ் முடிஞ்சு பதினைஞ்சு வருஷம் ஆச்சு சார்" என்பதெல்லாம் எடுபடாது.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்ளலாம்? திறந்த கோர்ட்டில் பதிவானதை எடுக்கலாம். 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கு. பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவருடைய சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், அதைத் தாண்டி அவருடைய அந்தரங்கத்துக்குள் போனால் விளைவைச் சந்திக்க வேண்டும் என்றது தீர்ப்பு. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் அடையாளத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதா 72ஆம் பிரிவு. குழந்தை என்றால் போக்சோ 23. பெயரை மாற்றிவிட்டுத் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் அப்படியே விட்டால் அதுவும் அடையாளம் காட்டுவதுதான். இந்த வகை வழக்குகளைக் கதைப் பக்கமே கொண்டு போகாமல் இருப்பது என் கட்சி.

நீதிபதிகளைப் பற்றியும் எழுதலாம். நீதிபதியை வில்லனாகக்கூட ஆக்கலாம். போன வாரம் உங்கள் ஸ்டே மனுவைத் தள்ளிய நீதிபதியை அல்ல.

அடையாளம் மறைப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கதையைக் கட்சிக்காரருடைய மச்சான் படித்தால் "இது நம்ம வீட்டு விஷயமாச்சே" என்பாரா? என்பார் என்றால் மறைப்பு போதாது. நம் பேட்டைகளில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வியாசர்பாடியில் நடந்ததைத் திருவொற்றியூருக்கு மாற்றினாலும் யாரோ ஒரு சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார். பெயரையும் ஊரையும் மாற்றுவது மேல்பூச்சு. தொழிலை மாற்றுங்கள், அண்ணன் தம்பி சண்டையை அக்கா தங்கை சண்டையாக்குங்கள், சொத்தை நகையாக்குங்கள், முடிவையும் மாற்றுங்கள். இவ்வளவையும் மாற்றிய பிறகு மிச்சம் என்ன நிற்கிறதோ, அந்த வயிற்றெரிச்சலோ அந்தப் பாசமோ, அதுதான் உங்களுக்குத் தேவைப்பட்டது.

படி 3: "சம்பந்தமில்லை" நோட்டு

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். கேஸ் டைரி வேறு, இது வேறு. வழக்கு எண், பெயர், தேதி எதுவும் இதில் வரக் கூடாது. குறுக்கு விசாரணையில் நீங்களே "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று அடக்குவீர்களே, அப்போது சாட்சி என்ன சொல்ல வந்தார் என்பதை அன்று சாயங்காலம் இந்த நோட்டில் எழுதுங்கள்.

எப்படிப்பட்டதை எழுதுவது? கற்பனையாக ஒன்று சொல்கிறேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் குடும்ப நல கோர்ட் வராந்தா. விவாகரத்து வழக்கு, கணவனும் மனைவியும் ஒரு ஆள் இடைவெளி விட்டு ஒரே பெஞ்சில். கவுன்சலிங் அறையிலிருந்து அவன் பெயரை முதலில் கூப்பிடுகிறார்கள். எழுந்தவன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பழக்கதோஷத்தில் அவளிடம் நீட்டிவிடுகிறான். அவளும் வாங்கிவிடுகிறாள். அரை மணி நேரம் மடியில் ஹெல்மெட். அதற்குள் அவளுடைய அம்மா வந்து பார்க்கிறார். அதை எதற்கு நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கண்ணாலேயே கேட்கிறார். கீழே வைத்தால் கீறல் விழும் என்கிறாள்.

இதை எந்த நீதிபதியும் குறித்துக்கொள்ள மாட்டார். கொடுமை நடந்ததா, எத்தனை வருஷமாகப் பிரிந்து வாழ்கிறார்கள் என்பதே கேள்வி. ஹெல்மெட் சாட்சியம் அல்ல. ஆனால் கதை முழுக்க அந்த ஹெல்மெட்டில்தான் இருக்கிறது. இதில் ஒரு வசதியும் உண்டு: உங்களிடம் ரகசியமாகச் சொன்னது எதுவும் இதற்குள் இல்லை. வராந்தாவில் நின்ற யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் விபத்து நஷ்டஈடு கேஸ் பார்ப்பவர்களுக்கு இந்த நோட்டு ஒரு மாதத்தில் நிரம்பிவிடும். லேபர் கோர்ட் என்றால் இன்னும் சீக்கிரம். காசோலை வழக்குகளை மட்டும் பார்ப்பவர்கள் கொஞ்சம் சிரமப்படுவார்கள். அவர்கள் கட்சிக்காரரை விட்டுவிட்டுக் குமாஸ்தாக்களைக் கவனிக்கலாம். ஒரு மூத்த குமாஸ்தாவுக்குள் நாலு நாவல் இருக்கும்.

படி 4: மனு நடையை மறப்பது

மனுவில் எல்லா வாக்கியமும் ஒரே திசையில் ஓடும்: நம்ம ஆள் சரி, எதிராளி தப்பு. முடிவில் என்ன கேட்கப் போகிறோம் என்பது முதல் வரியிலேயே தீர்மானமாகியிருக்கும். கதையில் இந்த இரண்டும் விஷம். ஒரு வாடகைத் தகராறை எடுத்துக்கொள்வோம். மனுவில் இப்படி வரும்:

"மேற்படி எதிர்மனுதாரர் வாடகைப் பாக்கியைச் செலுத்தத் தவறியதோடு, மனுதாரர் நேரில் சென்று கேட்டபோது தகாத வார்த்தைகளால் திட்டி, வீட்டைக் காலி செய்ய முடியாது என்று மிரட்டியுள்ளார்."

அதே சாயங்காலம் கதையில்:

அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"வாடகை."

"சின்னவனுக்கு ஜொரம்ணா."

"போன மாசமும் ஜொரம்தான்."

"போன மாசம் பெரியவனுக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பாதிப் படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது, மோட்டார் ரிப்பேருக்கு அவளிடம் வாங்கிய முந்நூறு இன்னும் திருப்பித் தரவில்லை.

அந்த முந்நூறு ரூபாயை எந்த வக்கீலும் மனுவில் எழுத மாட்டார். எழுதினால் சொந்தக் கட்சியைத் தானே கவிழ்ப்பதாகிவிடும். கதையில் அதுதான் உயிர். எதிராளியிடம் நம்ம ஆளுக்கு ஒரு கடன் இருக்கட்டும், பணமாகவோ நன்றியாகவோ. எழுதி முடித்த ஒவ்வொரு கதையையும் எதிர்த்தரப்பு வக்கீலாக ஒருமுறை படியுங்கள். எதிராளிக்காக வாதாட உங்களிடம் ஒரு நல்ல பாயின்ட்டும் சிக்கவில்லை என்றால், நீங்கள் எழுதியது இன்னொரு மனு.

சொற்களையும் களையெடுக்க வேண்டும். மேற்படி, ஆகவே, மேலும், சுமார் ஆறு மணியளவில், தெரிய வருகிறது, என்பது குறிப்பிடத்தக்கது. இந்தப் பட்டியலை மேசைக்கு மேல் ஒட்டி வைத்துத் திருத்தும்போது அடித்துத் தள்ளுங்கள்.

சரி, வக்கீலிடம் கெட்ட பழக்கம் மட்டும்தானா? இல்லை. மற்ற எழுத்தாளர்கள் வருஷக்கணக்கில் கற்கும் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது உரையாடல். குறுக்கு விசாரணை செய்தவருக்குத் தெரியும், மனிதர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பயந்த கேள்விக்குச் சொல்கிறார்கள். "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க" என்றால் "நான் குடிக்கிறதே இல்லைங்க" என்று வரும் பதில் இருக்கிறதே, அதைக் காதால் பிடிக்கத் தெரிந்தவர் உரையாடல் எழுதப் பயப்பட வேண்டியதில்லை.

படி 5: வடசென்னையை எழுதுவது

வடசென்னை என்றதும் வெளியாட்களுக்கு அரிவாள் ஞாபகம் வருகிறது. திரையில் பார்த்தது அது. கோர்ட்டுக்கு வரும் வடசென்னை வேறு. பி.எஃப். பணம் வரவில்லை, வீட்டு ஒதுக்கீட்டு ஆணை ஒருத்தர் பேரில் குடியிருப்பது வேறொருத்தர், கன்டெய்னர் லாரி இடித்தது, எண்ணூர் பக்கம் மீன்பாடு போனது, மகளின் ஜாதிச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பு. கத்தியை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணையை எழுத உங்களை விட்டால் ஆளில்லை.

பழைய காலத்துக்குள் போக விரும்பினால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. பெரம்பூர் மில் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பக்கிங்காம், கர்நாடிக் மில் நிர்வாகம் 1920இல் சங்கத் தலைவர்கள் மீது நம்முடைய இதே உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. அந்த அநியாயத்தின் எதிரொலியாகத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தடையாணைக்கு அடுத்த வருஷம், 1921இல், மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் ஓடியபோது புளியந்தோப்பில் ஒரு வீட்டில் அடுப்பில் என்ன இருந்தது என்பது எந்தத் தீர்ப்பிலும் இல்லை. அங்கேதான் உங்களுக்கு வேலை. எழும்பூரில் ஆவணக் காப்பகமும், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. கோர்ட்டிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட ஆட்டோ தூரம்தான். (எம்டன் குண்டு விழுந்த கதையை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். உயர் நீதிமன்றச் சுவரில் அந்தக் கல்வெட்டைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அதுதான் முதல் யோசனை.)

பேச்சு மொழியில் அளவு வேண்டும். "இன்னாபா", "கீது", "வந்துகினு" எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால் அது நகல் காமெடி. நம் ஊரிலும் வங்கியில் பேசும் தமிழ் வேறு, மீன் ஏலத்தில் பேசும் தமிழ் வேறு, மாமியாரிடம் பேசுவது வேறு. காசிமேட்டு ஏலத்தில் விடியற்காலையில் கத்துகிற அதே அம்மா, நீதிபதி முன்னால் "ஐயா" போட்டுச் செந்தமிழுக்கு முயற்சி பண்ணுவார். அந்த மாற்றத்தைக் காட்டினாலே போதும், ஆள் எழுந்து நிற்பார்.

படி 6: எப்போது, எப்படி எழுதுவது

நாவலில் தொடங்காதீர்கள். ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் சொல்லில் சிறுகதைகள். முடிக்கக் கூடியதை முடித்துப் பழகுவது முக்கியம். வாய்தா வாங்கியே பழகிய நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும். மே மாதம் முழுக்க கோர்ட் விடுமுறை. புதிய எழுத்துக்கு அதை வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் திருத்தம் பார்க்கலாம்.

டைப்பிங் பலருக்குத் தலைவலி. குமாஸ்தா பழைய வானவில் எழுத்துருவில் அடித்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். பத்திரிகைக்கு மின்னஞ்சலில் போனால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு கட்டாயம். தமிழ்99 விசைப்பலகை கற்க இரண்டு வாரம் போதும். அதுவும் முடியாது என்றால் போனில் குரல் தட்டச்சு இருக்கிறது. ஸ்டெனோவுக்கு டிக்டேட் செய்து பழகிய சீனியர்களுக்கு இது பிடிக்கும். ஒரே எச்சரிக்கை, டிக்டேஷன் என்றதும் வாய் தானாக மனு நடைக்குப் போய்விடும். ஆகவே குரலில் சொல்லி, அச்செடுத்து, பேனாவால் திருத்துங்கள்.

யாரிடம் படிக்கக் கொடுப்பது? ஜூனியரிடம் கொடுக்காதீர்கள். "சூப்பர் சார்" என்பார். வேறென்ன சொல்வார் பாவம், நாளைக்கு உங்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே. கோர்ட்டுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேரைப் பிடியுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காமல், எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

படி 7: பாட்காஸ்ட்

கதை பத்து சேர்ந்ததும் ஒலிக்கு வாருங்கள். முன்னாடியே வந்தால் பேச்சு சுகத்தில் எழுத்து நின்றுவிடும். பேசப் பிடித்தவர்கள்தானே நாம்.

என்ன பேசுவது என்பதற்கு என் யோசனை இது: உங்கள் கதையை வாசிப்பது பாதி, அந்தக் கதை நடக்கும் தெரு, தொழில், சட்டம் பற்றிய பேச்சு பாதி. முப்பதிலிருந்து நாற்பது நிமிடம் போதும். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு முன்பின் வரும். அந்தக் கணக்கில் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

அறை. இதற்குக் காசு செலவில்லை. கான்கிரீட் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் ஹாலில் குரல் எதிரொலிக்கும். புத்தக அலமாரிகள் சுற்றி நிற்கும் சின்ன அறைதான் நல்லது. பழைய எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) தொகுதிகள் இப்போதாவது உபயோகப்படட்டும். கதவிலும் ஆணிகளிலும் கோட்டு, கவுன் எல்லாவற்றையும் மாட்டி விடுங்கள். மேசை மேல் ஒரு கம்பளி. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் நிறுத்தப்பட வேண்டும். போன் ஃபிளைட் மோடில்.

நேரம். வடசென்னையில் இதுதான் பெரிய சவால். கொருக்குப்பேட்டை பக்கம் என்றால் சரக்கு ரயில். எண்ணூர் நெடுஞ்சாலை பக்கம் என்றால் இரவெல்லாம் கன்டெய்னர் லாரி. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் ஸ்பீக்கர், மார்கழியில் விடியற்காலைத் திருப்பாவை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நம்ம பேட்டையில் அந்த விதி எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தெருவில் எது எப்போது அடங்குகிறது என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டு, அந்த இடைவெளியைப் பிடியுங்கள். ஆடியை எடிட்டிங்குக்கு விட்டுவிடலாம். ஃபேன் இல்லாமல் வெயில் காலத்தில் நீளமாகப் பேச முடியாது. பத்துப் பத்து நிமிடமாகப் பதிவு செய்யுங்கள்.

மைக். யு.எஸ்.பி.யில் சொருகும் டைனமிக் வகை மைக் ஒன்று போதும். கண்டென்சர் மைக் அடுத்த தெரு ஆட்டோவையும் சேர்த்துப் பிடிக்கும்; நம் ஊருக்கு ஆகாது. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, நேராக ஊதாமல் லேசாக ஒரு பக்கமாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு "ப"வும் பட்டாசு. பல்செட் போட்டவர்கள் சத்தம் வருகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும்.

குரல். மைக்குக்கு மேடை தேவையில்லை. கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சு வரை எட்ட வேண்டும் என்று முப்பது வருஷம் பழக்கிய குரலை இறக்குவதுதான் கஷ்டம். கேட்பவர் மின்சார ரயிலில் ஜன்னலோரம் காதில் இயர்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அவருக்குப் பக்கத்து சீட். அவ்வளவு குரல் போதும். பதிவைத் திரும்பக் கேட்கும்போது எந்த வாக்கியத்தில் உங்களுக்கே மூச்சு வாங்குகிறதோ, அதில் மனு நடை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பேப்பரில் தப்பித்தது காதில் மாட்டிக்கொள்ளும்.

பதிவும் எடிட்டிங்கும். ஆடாசிட்டி இலவசம், போதுமானது. முதலில் பத்து விநாடி எதுவும் பேசாமல் அறையின் மௌனத்தைப் பதியுங்கள். பின்னால் இரைச்சலைக் குறைக்க அந்தத் துண்டுதான் மாதிரி. ஒலி முள் -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் நடுவில் ஆட வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் நிறுத்தாதீர்கள், ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். திரையில் கைதட்டல் குச்சி மாதிரி நீட்டித் தெரியும், அங்கே வெட்டலாம். கடைசியில் ஒலியளவை -16 எல்.யு.எஃப்.எஸ்.க்குக் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) கொண்டு வாருங்கள், மோனோ என்றால் -19. எம்பி3யாக 64 கே.பி.பி.எஸ். மோனோவில் எடுத்தால் அரை மணி நேரம் 14 எம்பி சொச்சம்தான் வரும். டேட்டா பார்த்துச் செலவழிப்பவரும் கேட்கலாம்.

வெளியீடு. ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றினால் ஒரு ஆர்.எஸ்.எஸ். முகவரி (புதிய பகுதிகளை மற்ற செயலிகளுக்குத் தானாகக் கொண்டு போகும் இணைப்பு) கிடைக்கும். அதை ஆப்பிளிலும் மற்ற இடங்களிலும் கொடுக்க வேண்டும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதைத் தேடாதீர்கள். நம் மக்கள் அதிகம் கேட்பது யூடியூபில், அங்கேயும் போடுங்கள். முகப்புப் படம் சதுரம், 1400 பிக்சலுக்குக் குறையாமல் 3000க்கு மிகாமல். ஆர்.எஸ்.எஸ்.ஸில் உங்கள் மின்னஞ்சல் வெளியே தெரியக் கூடும். சேம்பர் மின்னஞ்சலைக் கொடுக்காமல் தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். ஆறு பகுதி கையில் தயாரான பிறகு முதலாவதை வெளியிடுங்கள். விசாரணை பாதியில் நிற்கும் பார்ட் ஹேர்ட் கேஸ் ஒன்று மாட்டினால் மூன்று வாரம் போய்விடும் என்பது தெரிந்ததே.

சினிமாப் பாட்டை முகப்பு இசையாக வைக்காதீர்கள். பேட்டையில் கானா பாடும் தம்பி ஒருவரைப் பிடித்து, அவருக்குப் பணம் கொடுத்து, உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் வாய்மொழி உரிமை மாற்றம் செல்லாது.

படி 8: புத்தகமும் ஒப்பந்தமும்

கதைகளை முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள், ஒரு கதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு. பன்னிரண்டு, பதினைந்து தேறியதும் தொகுப்பு. தமிழ்ப் பதிப்பாளர்களின் காலண்டர் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் சுழலும். நவம்பரில் கையெழுத்துப் பிரதியோடு போனால் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். சொந்தமாக வெளியிடுவதாக இருந்தால் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் வக்கீல்கள், தங்கள் புத்தகத்துக்கு மட்டும் "நமக்குள்ள என்ன சார்" என்று பேப்பரே இல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். 19ஆம் பிரிவை இன்னொரு முறை படியுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருஷத்துக்கு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. அச்சு, மின்நூல், ஒலி, மொழிபெயர்ப்பு, திரை என்று தனித்தனியாகப் பிரித்து எழுதி, அச்சை மட்டும் கொடுங்கள். ஒலி உரிமை உங்களிடமே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கதையை உங்கள் பாட்காஸ்ட்டில் வாசிக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வரும். நிகழ்ச்சியில் தீர்ப்புகளை மேற்கோள் காட்டத் தடையில்லை. கோர்ட்டே வெளியிடக் கூடாது என்று சொன்னால் தவிர, தீர்ப்பை மறுபிரசுரம் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது 52ஆம் பிரிவு. தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக வரும் தலைக்குறிப்பு வேறு விஷயம். அது சட்ட இதழ் எழுதியது, அதை அப்படியே வாசிக்காதீர்கள்.

கேட்பவர்கள் கேட்கும்போது

நாலைந்து பகுதி வெளியானதும் ஒன்று நடக்கும். கதை நல்லாருக்கு என்று ஒருவர் எழுதுவார். அடுத்த பத்துப் பேர், "சார், எங்க அப்பா பேர்ல ஒரு பட்டா விஷயம்" என்று தொடங்குவார்கள். பதில் சொல்லக் கை அரிக்கும். சொல்லாதீர்கள். ஆவணம் பார்க்காமல் சொல்லும் கருத்து அவருக்கும் ஆபத்து, நிகழ்ச்சி வழியாக வழக்கு பிடித்தீர்கள் என்ற பேச்சு உங்களுக்கும் ஆபத்து. ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே அனுப்புங்கள்: இலவசச் சட்ட உதவிக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம், நேரில் போவதானால் அந்தந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இந்த நிகழ்ச்சியில் கதை மட்டும்தான். அந்தப் பத்து கடிதங்களில் உள்ள விஷயத்தையும் கதைக்கு எடுக்காதீர்கள். நம்பி எழுதியது, வக்காலத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும்.